முப்பத்தஞ்சு இஞ்ச் டயர்

“ஆமா மதாம். நான்தான் எடுத்தேன்.”

கலியமூர்த்தி இப்படிச் சொன்னபோது சாந்த்ரினுக்குக் கோபம் வரவில்லை. காது இரண்டும் அடைத்துக்கொண்டன. தலைக்கு மேல் ஃபேன் சுற்றுவதும், தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவுவதும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டன. அவர் இல்லையென்று அடித்துச் சொல்வார், கோபித்துக்கொள்வார், ‘என்னப் போயி கேட்டுட்டீங்களே’ என்று கண்கலங்குவார் என்றெல்லாம் நினைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் தயார் செய்துவைத்திருந்தாள். ‘ஆமாம்’ என்பதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை.

எதிர் நாற்காலியில் அவள் தம்பி தெயோ இருந்தான். ஜீப்பில் ஊற்றுகிற டீசல் எங்கே போகிறது என்று கலியமூர்த்தியிடம் கேட்டவனே அவன்தான்.

கலியமூர்த்தி சட்டைப் பையிலிருந்து ஜீப் சாவியை எடுத்தார். அதே வளையத்தில் சாந்த்ரினின் வீட்டுச் சாவியும் இருந்தது. அவள் ஊரில் இல்லாத நாட்களில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றக் கொடுத்துவைத்த சாவி. இரண்டையும் ஓசைப்படாமல் மேசைமேல் வைத்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

“பாத்தியாக்கா,” என்றான் தெயோ. ஜெயித்தவன் குரலாக அது இல்லை.

சாந்த்ரினின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். குடும்பமே பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். அவளும் படிப்பு முடிந்து பிரான்சில் துலூசுக்குப் போய், பத்து வருடம் ஒரு பயண நிறுவனத்தில் வேலை பார்த்தாள். அப்பா காலமான பிறகு, குளிரிலும் தனியாகவும் இருந்தது போதும் என்று புதுச்சேரிக்கே திரும்பிவிட்டாள். உழவர்கரையில் அப்பா கட்டிய வீட்டின் முன்னறையை ஆபீசாக்கி, ஒரு பழைய டீசல் ஜீப்பை வாங்கித் தொழில் தொடங்கினாள். பெரிய பஸ்சில் கூட்டத்தோடு போகப் பிடிக்காத பிரெஞ்சுக்காரர்களை நாலு பேர், ஐந்து பேராக ஏற்றிக்கொண்டு செஞ்சிக்கோட்டை, திருவக்கரை கல்மரங்கள், மரக்காணம் உப்பளம், அதையடுத்த கழுவேலி ஏரி என்று காட்டிக்கொண்டு வருவது அந்தத் தொழில்.

முதல் நாளிலிருந்து ஜீப்பை ஓட்டியவர் முத்தியால்பேட்டை கலியமூர்த்தி. பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நிறுத்தியவர், ஆறு வருடத்தில் ஏரிப் பறவைகளின் பிரெஞ்சுப் பெயர்களையெல்லாம் வந்தவர்களிடமே கேட்டுக் கற்றுக்கொண்டார். சேற்று வரப்பில் வண்டியை அசங்காமல் நிறுத்தி, “ரெகார்தே, ஃபிளாமான்” என்று பூநாரைகளைக் கைகாட்டுவார். வந்தவர்கள் ஊருக்குப் போய் சாந்த்ரினுக்கு மின்னஞ்சல் எழுதும்போது கோட்டையை மறந்துவிடுவார்கள். கலியமூர்த்தியை விசாரிக்காமல் இருக்கமாட்டார்கள்.

2006 கோடையில் தெயோ வந்து சேர்ந்தான். பிரெஞ்சு ராணுவத்தில் ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்திருந்தது. அங்கே வண்டிப் பிரிவில் இருந்தவன். அக்காவின் தொழிலில் தானும் கூட நிற்பதாகச் சொன்னான். ஜீப்பைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு, “இத வச்சிக்கிட்டா ஏரிக்குள்ள போறீங்க? தூக்கணும்க்கா,” என்றான்.

தூக்கினான். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் கோவிந்தசாமி என்பவரின் பட்டறையில் இரண்டு வாரம் வண்டி நின்றது. ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி உடம்பை நாலு இஞ்ச் உயர்த்தினார்கள். பழைய டயர்களைக் கழற்றிவிட்டு, ஆளின் இடுப்பளவு உயரம் நிற்கும் முப்பத்தஞ்சு இஞ்ச் டயர்களை மாட்டினார்கள். மேலே இரும்புக் கேரியர், அதன்மேல் நாலு விளக்கு. வண்டி திரும்பி வந்த அன்று தெருவே வேடிக்கை பார்த்தது. சாந்த்ரினுக்கும் உள்ளூரப் பெருமைதான். வருகிறவர்கள் கோட்டையைவிட வண்டியை அதிகம் படம் எடுத்தார்கள். ஏரிக்கரைச் சேறு இப்போது ஒரு பொருட்டே இல்லை.

ஒரே ஒரு சங்கடம். உயர்ந்துவிட்ட ஜீப் வீட்டுப் போர்ட்டிகோவுக்குள் நுழையவில்லை. வண்டியின் தலையே போய்க் கூரையில் இடித்தது. தெருவிலும் விட இடம் கிடையாது. “எங்க தெருமொனையில காலி மனை இருக்குது மதாம். அங்க போட்டுக்கறேன். காலையில கெளம்பறதுக்கும் தோது,” என்றார் கலியமூர்த்தி. அன்றிலிருந்து ஜீப் முத்தியால்பேட்டையில் தூங்கியது.

அப்புறம்தான் மைலேஜ் கதை ஆரம்பித்தது. முன்பு லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது எட்டுதான் கொடுத்தது. ஒவ்வொரு முறையும் டேங்க் வழிய நிரப்பி, மீட்டரில் ஓடிய கிலோமீட்டரை, ஊற்றிய லிட்டரால் வகுத்துப் பார்ப்பான் தெயோ. எட்டு. மறுபடியும் எட்டு. அவனுக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. மணலுக்காகக் குறைத்து வைத்திருந்த காற்றை டயரில் ஏற்றினான். காற்றைத் தடுக்கிறது என்று கேரியரையும் விளக்கையும் கழற்றினான். ஃபில்டரை மாற்றினான், டீசலைப் பீய்ச்சும் நாசில்களைச் சோதிக்கக் கொடுத்தான். ரோட்டில் ஓடும்போது முன்சக்கரத்தோடு சேர்ந்து அச்சும் வீணாகச் சுற்றாமல் இருக்க, அதை விடுவித்துவிடும் பூட்டு ஒன்றை வாங்கிப் பொருத்தினான். ஆக்சிலேட்டரை மிதிக்காமல் வருடணும் என்று கலியமூர்த்திக்குப் பாடம் எடுத்தான். அவரும் தலையாட்டிக்கொண்டு அப்படியே ஓட்டினார். எட்டு எட்டாகவே இருந்தது; அதைத் தாண்டவில்லை.

கடைசியில் கோவிந்தசாமிதான் தெயோவிடம் சொன்னார். “பெரிய டயரு டீசல் குடிக்கும் முசே, இல்லன்னு சொல்லல. ஆனா இந்தக் குடி குடிக்காது. நால்ல ஒரு பங்கு காணோம்ன்றீங்க. வண்டி எங்க நிக்குதுன்னு பாருங்க.”

தெயோவின் மனதில் அது விழுந்துவிட்டது. சாந்த்ரின் இரண்டு நாள் மறுத்தாள். மூன்றாம் நாள், “கேட்டுப் பாக்கலாம், கேக்கறதுல என்னா,” என்று இறங்கிவந்தாள். அப்படித்தான் அன்று மதியம் கலியமூர்த்தியை உட்காரச் சொன்னார்கள். அவர் நின்றுகொண்டே இருந்தார். தெயோ விஷயத்தைச் சொன்னதும் முதலில் அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு,

“எவ்ளோ கொறையுது முசே?” என்று கேட்டார்.

“நால்ல ஒரு பங்கு. மூணு மாசமா.”

“கணக்கு சரிங்களா? நல்லா பாத்தீங்களா?”

“பத்து வாட்டி பாத்தாச்சு.”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நிமிர்ந்தபோது அவர் தெயோவைப் பார்க்கவில்லை, சாந்த்ரினைப் பார்த்தார். “போலீசு அது இதுன்னு வேணாம் மதாம்,” என்றார். அதற்கப்புறம்தான் அந்த ‘ஆமா’ வந்தது.

அவர் போன பிறகு ஜீப்பை சாந்த்ரினே ஓட்டினாள். வேறு டிரைவர் வைக்க மனசு வரவில்லை. தெரிந்தவர் ஒருவரின் கல்யாண மண்டப வளாகத்தில் வண்டியை விட்டார்கள். சுற்றுச்சுவர், இரும்புக் கேட், காவலுக்கு ஆள். போதாததற்கு டேங்க் மூடிக்குப் பூட்டும் போட்டு, சாவியைத் தெயோ தன் இடுப்பிலேயே வைத்துக்கொண்டான்.

அடுத்த முறை டேங்க் நிரப்பியபோது புதுச்சேரி எல்லையை ஒட்டிய பெட்ரோல் பங்க்கில் இருவரும் இருந்தார்கள். தெயோ கால்குலேட்டரைத் தட்டினான். மறுபடி தட்டினான். பிறகு அதை அக்காவிடம் நீட்டினான்.

எட்டு.

திருடன் போய்விட்டான், திருட்டு போகவில்லை.

“எங்கியோ ஒழுகுதுக்கா,” என்றான் தெயோ. வண்டிக்கு அடியில் அட்டையை விரித்துப் படுத்து, குழாய் குழாயாகத் தடவிப் பார்த்தான். ஒரு சொட்டு ஈரம் இல்லை. கோவிந்தசாமி பம்பைக் கழற்றிப் பார்க்கவேண்டும் என்றார். ‘கணக்கு சரிங்களா’ என்று கேட்ட கலியமூர்த்தியின் குரல் சாந்த்ரினின் காதை விட்டுப் போகவே இல்லை. எடுத்தவன் அதை ஏன் கேட்கிறான்?

அந்த வாரக் கடைசியில் லியோனிலிருந்து வந்த வயதான தம்பதியை ஏரிக்கு அழைத்துப் போனாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலை நேரம். கோட்டக்குப்பம் தாண்டியதும் வழக்கமாகச் சொல்வதைப் பிரெஞ்சில் சொன்னாள்: இங்கிருந்து வலது கைப் பக்கம் கடல், மரக்காணம் நம் வாசலிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர். ஆறு வருடமாக இதையே சொல்லிவருகிறாள். கிளம்பும்போது மீட்டரைச் சுழியாக்கி வைப்பது தெயோ பழக்கிவிட்ட பழக்கம், அன்றும் வைத்திருந்தாள். மரக்காணம் கடைத்தெரு வந்து, தண்ணீர் பாட்டில் வாங்க வண்டியை ஓரம் கட்டியவள், யதேச்சையாக அந்தச் சின்ன எண்களைப் பார்த்தாள்.

இருபத்தெட்டரை.

சாவியைத் திருகிய கை அப்படியே நின்றது. முப்பத்தைந்தாக இருந்த ரோடு எப்படி இருபத்தெட்டரை ஆகும்? மரக்காணம் நகர்ந்து வந்துவிட்டதா? பின்னால் இருந்த அம்மாள் என்னவோ கேட்டார். சாந்த்ரினுக்கு அர்த்தமாகவில்லை. தண்ணீரை வாங்கிக் கொடுத்தாள், ஏரியைக் காட்டினாள், பறவைகளைப் பற்றி ஏதோ சொன்னாள். பறவைப் பெயர் ஒன்றுகூட நாக்கில் வரவில்லை.

திரும்பும்போது சாலையோரக் கிலோமீட்டர் கற்களை எண்ணத் தொடங்கினாள். ஒரு கல்லில் மீட்டரைச் சுழியாக்கிவிட்டு, பத்தாவது கல்லில் பார்த்தாள். எட்டைக் கொஞ்சம் தாண்டி நின்றது எண்.

மீட்டருக்குத் தெரிந்ததெல்லாம் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டும்தான். அந்தச் சக்கரம் பெரிதாகிவிட்டது, ஒரு சுற்றுக்கு முன்னைவிட அதிக தூரம் போகிறது என்று அதற்கு யார் சொன்னது? பத்து ஓடியதை எட்டு என்று எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. டீசல் எங்கும் போகவில்லை. ரோட்டில்தான் போயிருக்கிறது.

அடுத்த நொடி இன்னொன்று உறைத்தது. வேகமுள் அறுபதில் நிற்கிறது. அப்படியென்றால் வண்டி எழுபத்தைந்தில் அல்லவா போய்க்கொண்டிருக்கிறது? கால் தானாக ஆக்சிலேட்டரை விட்டுவிட்டது. காலையில் சைக்கிளில் குறுக்கே வந்த ஒருவரை எப்படித் தப்பவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் தெயோவிடம் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. ஓடிப்போய்ப் பழைய டயர் ஒன்றை உருட்டிவந்து புதியதன் பக்கத்தில் நிறுத்தி, ஒவ்வொன்றையும் ஒரு நூலால் சுற்றி அளந்தான். அளந்த நூல் இரண்டையும் தரையில் நீட்டிப் போட்டுவிட்டு, அவற்றின் எதிரே குந்தினான்.

“செ பா பொசிபிள், இருக்கவே முடியாது,” என்றான் மெதுவாக. “மூணு மாசமா வகுத்தல் போட்டேன்க்கா. கீழ இருந்த நம்பரையே முறைச்சிக்கிட்டு இருந்தேன். மேல இருந்த கிலோமீட்டர் நம்பரு பொய்யா இருக்கும்னு நெனைக்கவே இல்ல.”

உண்மைக் கணக்குக்கு வண்டி பத்து கொடுத்துக்கொண்டிருந்தது. பெரிய டயரும் உயரமும் தின்றது ஒரே ஒரு கிலோமீட்டர். அதற்குப் போய்.

அவன் திடீரென்று நிமிர்ந்தான். “டீசலே காணாமப் போகலன்னா, அந்த ஆளு இன்னாத்த எடுத்தேன்னு சொன்னாரு?”

சாந்த்ரின் நூல் இரண்டையும் சுருட்டி எடுத்துவைத்தாள்.

மறுநாள் மதியம் சாந்த்ரின் முத்தியால்பேட்டைக்கு ஆட்டோவில் போனாள். ஜீப்பை அந்தத் தெருவுக்குள் கொண்டுபோக அவளுக்குத் துணிவு வரவில்லை. கதவைத் திறந்த தனக்கொடி, கலியமூர்த்தியின் மனைவி, வாங்க என்று சொல்லவில்லை. வழியை மட்டும் விட்டாள். கலியமூர்த்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இப்போது தண்ணீர் லாரி ஓட்டுகிறாராம். ஒரு மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தார். அவளைப் பார்த்ததும் எழப்போனார்.

“நீங்க உக்காருங்க கலியமூர்த்தி,” என்று சொல்லிவிட்டு அவள் தரையிலேயே உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். டயர் பெரிசானது, மீட்டர் குறைவாகக் காட்டியது, கற்களை எண்ணியது, நூல் போட்டு அளந்தது. “டீசல் ஒரு சொட்டுகூட கொறையல. எங்க தப்பு. மன்னிப்பு கேக்க வந்தேன்.”

அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தாள். கோபப்படுவார் என்றுகூட எதிர்பார்த்தாள். அவரோ பிசைந்த சோற்றில் விரல் பதிந்தபடி அசையாமல் இருந்தார்.

“கொறையவே இல்லையா?”

“இல்ல.”

“ஒரு லிட்டருகூட?”

“இல்ல கலியமூர்த்தி.”

கதவோரம் நின்றிருந்த தனக்கொடி சுவரைப் பிடித்துக்கொண்டே சரிந்து உட்கார்ந்தாள். “அந்தப் புள்ளைய அடிச்சீங்களே,” என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் சாந்த்ரினுக்குத் தாங்கியிருக்கும்.

விஷயம் துண்டு துண்டாக வந்தது. பெரும்பாலும் தனக்கொடிதான் சொன்னாள். கலியமூர்த்திக்கு செல்வகுமார் என்று ஒரு தம்பி. பதினைந்து வயது இளையவன். அப்பா அம்மா போன பிறகு அண்ணனும் அண்ணியும்தான் வளர்த்தார்கள்; அவர்களுக்குப் பிள்ளை இல்லை, அவனே பிள்ளை. மேட்டுப்பாளையத்தில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. அந்தச் சமயத்தில்தான் கேமரா வைத்த செல்போன் ஒன்று வாங்கிவந்தான். சரக்கு ஆட்டோ வைத்திருந்த சிநேகிதன் ஒருவனோடு ஜீப் நின்ற மனையில் உட்கார்ந்து சாயங்காலமெல்லாம் பேசிக்கொண்டிருப்பான். அந்த ஆட்டோவும் டீசல் ஆட்டோ.

“முசே நால்ல ஒரு பங்கு காணோம்னு சொன்னாரு. படிச்சவரு, பட்டாளத்துல இருந்தவரு, பத்து வாட்டி பாத்தேன்றாரு,” என்றார் கலியமூர்த்தி. கை இன்னும் தட்டிலேயே இருந்தது. “நான் எடுக்கல. அது எனக்குத் தெரியும். என் வூட்டாண்ட நின்ன வண்டி. வேற யாரு? எனக்கு அவன் மொகந்தான் தெரிஞ்சுது மதாம். அவன் பேரு வெளிய வந்தா போலீசுக்குப் போயிடும். கல்யாணம் பேசி வச்சிருந்தோம் அவனுக்கு. அதான் நான் எடுத்தேன்னு சொல்லிட்டேன்.”

இந்த மனிதர் பொய் சொல்லியிருக்கிறார், தெயோவின் வகுத்தலை நம்பி. அவர்களைவிட அதிகமாக நம்பி.

“வீட்டுக்கு வந்து என்னா செஞ்சீங்க?” என்று கேட்டாள் சாந்த்ரின்.

“செருப்பால அடிச்சேன். பொட்டிய எடுத்து வெளிய போட்டேன்.” அவர் குரல் ஒரு சீராக இருந்தது, வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல. “எடுக்கலண்ணேன்னு ஒரே ஒரு வாட்டிதான் சொன்னான். அப்பறம் வாயே தொறக்கல. போயிட்டான்.”

முத்தியால்பேட்டையில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். சுவருக்குக் காது மட்டுமில்லை, வாயும் உண்டு. பத்து நாளில் வில்லியனூர்ப் பெண்வீட்டார் ஆள்விட்டுச் சொல்லிவிட்டார்கள்: திருட்டுப் பேர் வாங்கினவனுக்குப் பெண் இல்லை. நின்றுபோன கல்யாணத்தைப் பற்றி செல்வகுமாருக்குச் சொல்லக்கூட அவன் இருக்கும் இடம் தெரியாது என்றார் கலியமூர்த்தி.

“தெரியும்,” என்றாள் தனக்கொடி.

அவர் திரும்பிப் பார்த்தார்.

“கடலூர்ல, தொறமுகத்தாண்ட ஐஸ் கம்பெனியில லோடு ஏத்தறான். வாரத்துக்கு ஒருக்கா பூத்துல இருந்து பேசறேன். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். போனு ஓவர்டைம் காசுல வாங்கனது. அன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டுதான் வாங்கனான். நீங்க கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்.”

கலியமூர்த்தி மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து தட்டில் கையைக் கழுவினார். பாதிச் சோற்றின்மேலேயே.

மறுநாள் காலை சாந்த்ரினும் தெயோவும் கலியமூர்த்தியும் கடலூர் போனார்கள். தெயோ வராமல் இருக்கமாட்டேன் என்றான். தான் போட்ட கணக்கைத் தானே சொல்லவேண்டும் என்றான். சாந்த்ரின் ஓட்டினாள், முள் ஐம்பதைத் தாண்டாமல். பின்சீட்டில் கலியமூர்த்தி வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு, முதல்முறை இந்த வண்டியில் ஏறியவர்போல ஓரமாக இருந்தார். அரியாங்குப்பம், கிருமாம்பாக்கம் எல்லாம் போயின.

துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி வாசலெல்லாம் மீன்தண்ணீர். பெரிய ஐஸ் பாளத்தை இடுக்கியால் இழுத்துக்கொண்டு வந்தவனைத் தெயோ பார்த்ததே இல்லை, ஆனாலும் தெரிந்துவிட்டது. அண்ணனின் அதே நெற்றி. செல்வகுமார் முதலில் ஜீப்பைப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் அதன் பக்கத்தில் நின்ற அண்ணனைப் பார்த்தான். பாளத்தை லாரியில் ஏற்றி முடித்துவிட்டு, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்தான்.

தெயோதான் முன்னால் வந்தான்.

“நான் சாந்த்ரினோட தம்பி. டீசல் கொறையுதுன்னு சொன்னவன் நான்தான். கொறையல. டயரு பெரிசாப் போட்டதுல மீட்டரு தப்பாக் காட்டிச்சு. நான் அதப் பாக்கல. உங்க அண்ணன் என்ன நம்பிட்டாரு. தப்பு மொத்தமும் என்னுது.”

செல்வகுமார் முழுவதையும் கேட்டான். முகத்தில் கோபமோ ஆறுதலோ எதுவும் இல்லை.

“சரிங்க,” என்றான். “கணக்குன்னா தப்பறதுதான். நீங்க யாரோ, என்ன உங்களுக்குத் தெரியாது.” பிறகு அண்ணனிடம் திரும்பினான். “ஒனக்குத் தெரியும்ல. எடுத்தியாடான்னு ஒரு வார்த்த கேட்டியா நீ? கேட்டுட்டு அடிச்சிருந்தா பரவால்ல. கேக்கவே இல்லியேண்ணே.”

கலியமூர்த்தி அடிபட்டவர்போல ஓர் அடி பின்னால் போனார். அவர் முதுகு ஜீப்பின் சக்கரத்தில் முட்டியது. அந்தக் கேள்வி அண்ணனுக்கு வந்ததுதான். ஆனால் சாந்த்ரினின் நெஞ்சில் அது ஊசிபோல இறங்கியது. ஆபீசில் அன்று தெயோ பேசப் பேச, அவள் வாய்மூடி உட்கார்ந்திருந்தாள். ஆறு வருடம் பழகியவரிடம் ‘நீங்களா எடுத்தீங்க, நம்ப முடியலியே’ என்று ஒரு வார்த்தை அவளும்தான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த ‘ஆமாம்’ அந்த நிமிடமே விரிசல் விட்டிருக்கும்.

“அண்ணி எப்பிடி இருக்காங்க?” என்று கேட்டான் செல்வகுமார். பதிலுக்குக் காத்திராமல் எதிர்க்கடைக்குப் போய் நாலு டீ வாங்கிவந்தான். எல்லோரும் நின்றபடி குடித்தார்கள். அண்ணன் கிளாசை அவனே வாங்கிக்கொண்டுபோய்க் கடையில் வைத்தான். ஆனால் ஜீப்பில் ஏறவில்லை. “லோடு நிக்குது,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். கலியமூர்த்தி அந்த ஈர வாசலைப் பார்த்துக்கொண்டு நின்ற நிலையை சாந்த்ரினால் பார்க்க முடியவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தெயோ அந்த வாரமே முப்பத்தஞ்சு இஞ்ச் டயர்களைக் கழற்றினான். கோவிந்தசாமி தடுத்தார்: மீட்டர் கேபிளில் சின்னப் பல்சக்கரம் ஒன்றை மாற்றினால் சரியாகக் காட்டும், பின்அச்சில் பல் விகிதத்தையும் மாற்றினால் மைலேஜ்கூட ஏறும், இவ்வளவு அழகான டயரைப் போய்க் கழற்றுவார்களா என்றார். தெயோ கேட்கவில்லை. ஸ்பிரிங்கையும் பழையபடி இறக்கினான். வண்டி பதினொன்றுக்குத் திரும்பி, போர்ட்டிகோவுக்குள் வந்து நின்றது. சாந்த்ரின் சாவி வளையத்தை, வீட்டுச் சாவியோடு சேர்த்தே, முத்தியால்பேட்டைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கலியமூர்த்தி உடனே வாங்கவில்லை. “லாரிக்காரர்கிட்ட மாசம் முடியட்டும்னு சொல்லியிருக்கேன்,” என்றார். மாதம் முடிந்து வந்தார். பறவைகளைக் காட்டினார். முன்புபோலத் தானாகப் பேச்சுக் கொடுப்பது நின்றுபோயிருந்தது.

அவரோடு தெயோவும் வில்லியனூருக்குப் போய்ப் பெண்வீட்டாரிடம் நடந்ததைச் சொன்னான். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, பெண்ணுக்கு வேறு இடம் முடிவாகிவிட்டது என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கலியமூர்த்தி கடலூர் பஸ் ஏறுவார். ஐஸ் கம்பெனி வாசலில் நிற்பார், தம்பி வந்தால் டீ குடிப்பார், திரும்பிவிடுவார். என்ன பேசினீர்கள் என்று சாந்த்ரின் ஒருமுறை கேட்டாள். “ஒண்ணும் இல்ல மதாம். நின்னுட்டு வந்தேன்,” என்றார்.

மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்திருந்த கூட்டத்தில், தனக்கொடி சாந்த்ரினின் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். சற்றுத் தள்ளி செல்வகுமார் நின்றிருந்தான். யாரும் கூப்பிடவில்லையாம், அவனாக வந்திருக்கிறான். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது கலியமூர்த்தியே பரிமாறினார். குழம்பு இலைக்கு வெளியே சிந்தியது. செல்வகுமார் அதை விரலால் இலைக்குள் தள்ளிவிட்டுச் சாப்பிட்டான்.

சாயங்காலம் கடலூருக்கே கிளம்பினான். இங்கே மறுபடி வேலை தேடப்போவதில்லை, அங்கே பழகிவிட்டது என்றான். தனக்கொடி கட்டிக்கொடுத்த பலகாரத்தோடு துணிப்பை கனத்தது. தெருவில் இறங்கியதும் கலியமூர்த்தி, “குடுடா, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூக்கியாறேன்,” என்று கையை நீட்டினார்.

செல்வகுமார் கொஞ்சம் யோசித்தான். பிறகு பையை அண்ணனிடம் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தான்.